பூனை வளர்த்தால் போதுமா?

செல்லப்பிராணி வளர்த்தால் பிள்ளைக்குக் கருணையும் பொறுப்பும் தன்னம்பிக்கையும் தானாக வந்துவிடும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எங்கள் ஊரான மருதமுனையின் பெற்றோர் இதை அப்படியே நம்பலாமா?

இக்கருத்துக்கு உளவியலில் வித்திட்டவர் அமெரிக்கரான போரிஸ் லெவின்சன். சிகிச்சை அறையில் தன் நாய் ஜிங்கிள்ஸ் கூட இருந்தால், ஒதுங்கியிருக்கும் பிள்ளையும் நெருங்கி வருவதைக் கண்டு 1962இல் எழுதினார். அந்த அறையில் தேர்ந்த உளவியலாளர் ஒருவரும் இருந்தார் என்பதை அவரைப் புகழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2017இல் வெளியான ரேண்ட் நிறுவன ஆய்வு, கலிபோர்னியாவின் 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரவுகளை எடுத்துக்கொண்டது. நாயோ பூனையோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஆரோக்கியமாகவே தெரிந்தார்கள். வருமானம், சொந்த வீடு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு நிற்கவில்லை. பிராணி வளர்க்க வசதியுள்ள குடும்பத்தின் நன்மையைப் பிராணியின் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

அதோடு, இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி நாயைச் சுற்றியே நடக்கிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் வீடுகளுக்குள் நாய்க்கு இடமில்லை. இங்கே பிள்ளைக்குப் பழக்கம் குசினி வாசலில் மீன் தலைக்குக் காத்து நிற்கும் பூனை, முற்றத்துக் கோழி, ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வாங்கிக் கட்டிய ஆடு.

அந்த ஆட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழை முறித்துப் போட்டு, பேர் வைத்துக் கூப்பிட்டு, கயிறு சிக்கினால் ஓடிப்போய் அவிழ்த்துவிட்ட பிள்ளை, அதை அறுத்துக் குர்பான் கொடுக்கும் அன்று தேம்பி அழுகிறது. "ஆம்பிளப் புள்ள அழுறதா?" என்று ஒரு வாப்பா அதட்டினால், உணர்ச்சியை மறைக்கத்தான் அந்தப் பிள்ளை படிக்கும். பக்கத்தில் இருத்தி, ஏன் கொடுக்கிறோம், யாருக்கு இறைச்சி போகிறது என்று சொல்லி, அழவும் விட்டால், பிரிவைத் தாங்கும் பக்குவம் வரும். ஆடு ஒன்றுதான், விளைவு இரண்டு.

இதற்கு வழிகாட்டல் எங்களிடமே இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சிறு குருவி வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே அவரிடம் பரிவோடு விசாரித்தார்கள். குருவிதானே என்று தள்ளிவிடவில்லை. பிள்ளையின் துக்கத்தைப் பெரியவர் ஒருவர் மதித்ததே அங்கே நடந்தது.

ஆகவே என் தீர்ப்பு: பிராணிகள் பிள்ளைகளின் மனவளர்ச்சிக்கு உதவும் என்ற கூற்று பாதிதான் சரி. பிராணி ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதை வளர்ச்சியாக்குவது உம்மா, வாப்பாவின் பேச்சும் பொறுமையும்தான். காசு கொடுத்துக் கூட்டுக்குருவி வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதால் பயனில்லை. வாசலுக்கு வரும் பூனைக்குச் சோறு வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், கூடவே நில்லுங்கள். பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள். அது கீறினாலோ கடித்தாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.