பல்லவியும் பந்தியும்

சேர்ந்து பாடுவோர் நண்பராவர் என்பது நம் சபைகளில் ஐயமின்றி வழங்கும் நம்பிக்கை. இஃது எம்மட்டும் உண்மை என்பதைத் தமிழ்க் கீர்த்தனையின் வரலாற்றைக் கொண்டே ஆராய விரும்புகிறோம்.

கூடிப் பாடுதற்கேற்ற வடிவம் என்ற முறையில் கீர்த்தனையின் சிறப்பு மறுக்கவொண்ணாதது. 1740இல் தமிழகம் வந்த ஃபப்ரீசியுஸ் ஜெர்மானிய மொழியினின்று பெயர்த்தளித்த ஞானப்பாட்டுகள் பொருளாழம் மிக்கவை. ஆயினும் அவற்றை முதன்முறை பாடுவோருக்குக் கையில் புத்தகமும் அதனை வாசிக்கும் பயிற்சியும் வேண்டும். கீர்த்தனையிலோ, சரணத்தை அறிந்தவர் பாட, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி திரும்பி வருகிறது. எழுத்தறியாத மூதாட்டியும் இரண்டாம் முறையில் அதனைப் பற்றிக்கொள்கிறார். மூன்றாம் முறையில் அது அவருடைய பாட்டாகிவிடுகிறது. முன்னே பாடுபவர் பின்னே அமர்ந்திருப்பவரின் குரலுக்குக் காத்திருக்கிறார். தோழமையின் தொடக்கம் இக்காத்திருப்பே. பாடலை ஒருவரோடொருவர் பேசும் பேச்சாகக் காணும் எபேசியர் நிருபத்தின் (5:19) கருத்துக்கு இது மிக நெருங்கியதாகும்.

இவ்வடிவத்தை நம் திருச்சபைக்கு வளமுற அளித்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவர் பாடல்கள் முதன்மையான இடம் பெற்றன. எனினும் இப்புகழுரையோடு நாம் நின்றுவிடலாகாது. 1820களின் பிற்பகுதியில் தஞ்சையிலிருந்த மிஷனரிமார் சிலர், சபையார் சாதி வேறுபாடின்றித் திருவிருந்தில் பங்குபெற வேண்டுமென வற்புறுத்தினர். அத்துடன் ஆராதனையில் கீர்த்தனைகளுக்கிருந்த இடத்தையும் மறுத்தனர். சாஸ்திரியார் இரண்டையும் ஒருங்கே எதிர்த்தார். பாடலைக் காக்க எழுதிய அதே கை சாதியாசாரத்தைக் காக்கவும் எழுதியது.

இவ்வழக்கில் இரு சாராரிடமும் பாதி உண்மையே இருந்ததென்பது நம் கணிப்பு. மிஷனரிமார் பந்தியை ஒன்றாக்க முனைந்து, மக்களை ஒன்றாக்கவல்ல பல்லவியைப் பறித்தனர். சாஸ்திரியார் பல்லவியைக் காத்து, பந்தியைப் பிரித்தே வைக்க விரும்பினார். ஒரே சுருதியில் பாடியவர்கள் ஒரே கிண்ணத்தில் பருகத் தயங்கினர் என்றால், இசையால் விளைந்த ஐக்கியம் காதளவில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு (1940-2005) இக்குறையை நேரடியாக எதிர்கொண்டார். கருநாடக இசையின் மேட்டிமையை மறுத்து, உழைக்கும் மக்கள் எளிதில் பாடவும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளவும் கூடிய நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். 'ஒரு உலை' என்னும் கருத்தால் பாட்டையும் சோற்றையும் இணைத்துச் சிந்தித்தார். சாஸ்திரியார் பிரித்ததை இவர் பொருத்தினார் எனலாம். ஆயினும் கீர்த்தனையை முற்றிலும் மேட்டுக்குடியினரின் சொத்தாகக் கருதுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆக்கியோனின் சாதிப்பற்றையும் மீறி அவர் பல்லவிகள் அவர் விலக்க நினைத்தோரின் வாயிலும் குடியேறின. நாட்டுப்புறப் பாடலும் மேடையேறிக் காட்சிப்பொருளானால் தன் தோழமையை இழந்துவிடும்.

ஆகவே இராகம் எதுவென்பதைக் காட்டிலும், கடைசி வரிசையில் இருப்பவரின் குரல் எங்கே என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. ஒலிபெருக்கியின் துணையால் சிலர் பாட, ஏனையோர் கேட்டிருக்கும் ஆராதனைகள் இன்று பெருகிவிட்டன. அவற்றில் இசை உண்டு, காத்திருப்பு இல்லை. பாடகர் குழுவை அமைக்கும் போதகர், அதில் யார் யார் சேர்க்கப்பட்டனர் என்பதோடு, பாடி முடித்தபின் யார் வீட்டில் யார் உண்கின்றனர் என்பதையும் கவனிப்பாராக. பல்லவி பந்தியில் முடிவுறும்போதுதான் பாட்டு நிறைவு பெறுகிறது.