ஏற்றத்தில் திக்கும் இன்ஜின்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றம். சமதரையில் சத்தம் காட்டாமல் வந்த டர்போ கார் இந்த மாதிரி இடங்களில்தான் திக்கித் திணறும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாயாமல் குலுங்கும். மறுநாள் காலை சேலத்து மெக்கானிக்கிடம் ஒருவர், "அண்ணே, ஏத்தத்துல ஜெர்க் அடிக்குது, பிக்கப்பே இல்ல" என்பார். யாழ்ப்பாணத்துக் கராஜில் இன்னொருவர், "அண்ணை, ஏத்தத்தில இழுக்குதில்லை, மிஸ் பண்ணுது" என்பார். நோய் ஒன்றே. அதைத் தேடும் வழி மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு. கார் எந்தப் பாதையில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததோ, அதைப் பொறுத்தே அந்த வழியும் அமைந்திருக்கிறது.

இரு நாட்டிலும் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். இந்தியாவில் 2006 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரி குறைவு. இலங்கையில் தீர்வையை சிசி பார்த்து விதிக்கிறார்கள். 1000 சிசியைத் தாண்டினால் பணம் எகிறும். இன்ஜினைச் சிறிதாக்கு, குறைந்த பலத்தை டர்போவால் ஈடுகட்டு என்பதே இரண்டு இடத்திலும் கிடைத்த விடை. இந்தியாவில் 1.2 லிட்டர் டாடா நெக்ஸான், 998 சிசி ஹூண்டாய் வென்யூ. இலங்கையில் 996 சிசி டொயோட்டா ரைஸ், 988 சிசி ஹோண்டா சிவிக், 658 சிசி வேகன் ஆர் ஸ்டிங்ரே. இவை எல்லாமே மூன்று சிலிண்டர் இன்ஜின்கள். அதில் ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று, குலுக்கலும் கூடுதல்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் இந்தத் திணறல்? டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் முனையின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். டர்போ இன்ஜின்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. முனை தேய்ந்து அது 1 மி.மீ. ஆகிவிட்டாலும் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. டர்போ முழுமூச்சாக ஊதும்போதுதான், பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயிலால் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாமல் போகும். டர்போ இல்லாத காரில் 1,00,000 கி.மீ. ஓடும் இரிடியம் பிளக்கை, டர்போ காரில் 40,000 அல்லது 60,000 கி.மீ.யிலேயே மாற்றச் சொல்லும் கையேடுகள் இருப்பது இதனால்தான்.

இந்தியாவில் இந்தக் கார்கள் உள்ளூரிலேயே தயாராகின்றன. வென்யூ முதலில் பிறந்தது சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில். பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சர்வீஸ். எல்லாம் கணினியில் பதிவாகும். செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் கம்பெனி சர்வீஸுக்குப் போனால் ஸ்கேனரை மாட்டுவார்கள். பி0302 என்ற கோளாறு எண் வரும். காயிலையும் பிளக் செட்டையும் மாற்றி பில் போடுவார்கள். வாரண்டி போய்விடுமோ என்ற பயத்தில் வெளி மெக்கானிக்கைத் தொடவிடாதவர்களும் உண்டு. பாகம் உடனே கிடைப்பதும், மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் இந்த முறைக்குள்ள வசதி. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று மட்டுமே பொருள். ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம். வாட்டர் வாஷில் பிளக் குழிக்குள் இறங்கிய தண்ணீராகவோ, டாப்பெட் கவர் கேஸ்கெட் வழியே கசிந்த எண்ணெயாகவோகூட இருக்கலாம். குழியில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கையில் புதுக் காயிலைச் செருகினால், சில மாதங்களில் அதே விளக்கு மறுபடி எரியும்.

இலங்கையின் கதை வேறு. அங்கே ஓடும் சின்ன டர்போக்களில் பல, ஜப்பானில் யாரோ ஓட்டி ஏலத்தில் விட்டவை. சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை என்று தினமும் காலையில் ஜப்பானிய மொழியில் நினைவூட்டும் கார்கள் யாழ்ப்பாணத் தெருக்களிலும் உண்டு. கையேடும் ஜப்பானிய மொழியில்தான். கைமாறி வந்த மைலேஜை நம்ப வேண்டுமென்றால் ஏலத் தாளைத் தேடிப் பார்க்க வேண்டும். பிளக்கை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க ஆளில்லை. போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. உள்ள காரை உள்ளபடி ஓட்டியாக வேண்டும். ஊகத்தில் காயில் வாங்க யாருக்கும் கட்டாது.

அதனால் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், முதலில் பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைப்பார். சர்வீஸ் புத்தகம் இல்லாத காருக்கு அந்தப் பிளக்குகள்தான் சர்வீஸ் புத்தகம். முனை இளம்பழுப்பு என்றால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெயில் ஊறியிருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு தாங்கவில்லை. அடுத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றுக்கு மாற்றுவார். கோளாறு எண் பி0303 ஆகிவிட்டால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றுவார். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தச் சிக்கனம் எல்லை மீறும் இடமும் உண்டு. இரிடியம் முனை 0.4 முதல் 0.6 மி.மீ. தடிப்புத்தான். பழைய நிக்கல் பிளக்கைப்போல அதைக் கம்பி பிரஷால் தேய்த்தால் முனை சிதையும். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ கழற்றி விற்கும் பிளக்கின் வயது யாருக்கும் தெரியாது. எண் பொருந்தாத பிளக் அதைவிட ஆபத்து. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. போஷில் நேர் எதிர், எண் குறையக் குறையத்தான் குளிர்ந்தது. இதை அறியாமல் 'கிட்டத்தட்ட இதே எண்' என்று தேவைக்கு மேல் சூடான பிளக்கை மாட்டிவிட்டால் டர்போவின் சூட்டில் பிளக் முனையே நெருப்பாகி, நேரத்துக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும்.

எரிபொருளும் இரு நாட்டு மெக்கானிக்கின் முதல் கேள்வியை மாற்றிவிட்டது. இந்தியாவில் கேட்க வேண்டியது, "வண்டி எந்த வருஷம்?" 2025க்குள் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கை எத்தனால் தடுக்கும், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும். டர்போவுக்கு அது நல்லதே. ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். ஈரத்தையும் அது இழுக்கும். இதற்கென வடிவமைக்காத பழைய வண்டி பல நாள் நிறுத்திவைத்து எடுக்கும்போது திணறினால், பிளக்கோடு டேங்கையும் சந்தேகிக்க வேண்டும். இலங்கையில் கேள்வி பெட்ரோலின் ஒக்டேன் பற்றியது, "92 அடிச்சனீங்களா, 95 அடிச்சனீங்களா?" 95 கேட்கும் இன்ஜினுக்கு 92 ஊற்றினால் நாக்கிங்கைத் தவிர்க்க இன்ஜினின் கணினியான ஈசியு பொறியைத் தாமதப்படுத்தும். இழுவை குறையும். அது மிஸ்ஃபயர் அல்ல. ஸ்கேனரில் எண்ணும் வராமல் போகலாம். அதற்குப் பிளக் மாற்றுவது வீண் செலவு.

மாட்டும் வேலையில் இரு நாட்டுக்கும் சட்டம் ஒன்றே. இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அதற்கு முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். புதுப் பிளக்கை முதலில் விரலால் திருகி மரையில் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதோடு போய்விடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மேலே ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் தின்றுவிடும்.

இந்தியாவில் காருக்கு வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள், பிளக்கை வாசிப்பது குறைவு. இலங்கையில் பிளக்கை வாசிக்கிறார்கள், எழுதி வைப்பது குறைவு. இரண்டையும் சேர்க்கப் பெரிய செலவில்லை. சென்னையில் சர்வீஸுக்கு விடுகிறவர், கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் எண் எழுதித் திருப்பித் தரச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பாஸ் துணியில் வரிசை வைத்ததும், தேதியும் கி.மீ.யும் எழுதிய துண்டுத்தாளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஏற்றத்தில் கார் திக்கும்போது, மூன்றில் எந்தப் பிளக் போன தடவையே கறுத்திருந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சி சொல்லும்.