திணையும் தேசியமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். மாந்தர்தம் ஒழுக்கம் அவர் வாழும் நிலத்தோடு ஒட்டியது என்னும் இக்கொள்கை நாட்டுணர்வுக்கும் பொருந்தும். நாடு எவர்க்கும் முதலில் வரைபடமாய் அறிமுகமாவதில்லை, சுற்றுப்புறமாகவே அறிமுகமாகின்றது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைவுகள் இதற்குச் சான்று பகர்கின்றன.

மலேசியப் புனைகதையின் திணை பால்மரக்காடு. தமிழகத்திலிருந்து வந்து சென்ற அகிலனும் தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். விடியுமுன் பெரட்டு, லயத்து வீடு, மங்கில் சொட்டும் பால், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை இத்திணையின் கருப்பொருள்கள். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின்னும் குடியுரிமை பெறாது நின்ற தோட்டத் தமிழர் பலர். 1969-ஐ ஒட்டி, அத்தகையோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. அடையாள அட்டையின் நிறம் அவர்களை அந்நியர் என்றது. அவர்கள் நட்டு வளர்த்த மரமோ உரியவர் என்றது. இம்முரணே சிறந்த தோட்டக் கதைகளின் உயிர்நாடி. ஆயினும் ஒரு குறையுண்டு. தோட்டம் மண்பற்றை வளர்த்த அளவுக்கு, வேலிக்கு அப்பால் வாழ்ந்த மலாய்க்காரரையும் சீனரையும் அறிமுகப்படுத்தவில்லை. எனவே பல கதைகளில் அவர்கள் நிழலுருவாகவே வந்து மறைகின்றனர்.

சிங்கப்பூரின் நிலை வேறு. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கம்பங்கள் படிப்படியாக மறைந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. பி. கிருஷ்ணனின் வானொலித் தொடர் நாடகமான 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' இப்புதுத் திணையைத் தலைப்பிலேயே ஏந்திற்று. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன விகிதத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது. மூவினத்தாரும் ஒரே நடைபாதையில் அன்றாடம் எதிர்ப்படலாயினர். இங்கு நாட்டுணர்வு மண்வழி வந்ததினும் அண்டைவீட்டார் வழி வந்ததே மிகுதி. ஆனால், சட்டம் கதவுகளை அருகருகே வைக்குமேயன்றித் திறந்துவிடாது. கதவு திறந்ததா, ஏன் திறக்கவில்லை என ஆராய்வது எழுத்தாளன் கடன்.

மலேசியாவிலும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆயின. இன்னும் பால்மரத்தையே எழுதிக்கொண்டிருப்பின், இன்றைய தலைமுறையின் நாடு எழுதப்படாமலே போகும். கதையின் இறுதியில் பாத்திரத்தின் வாயில் நாட்டுப்பற்றுச் சொற்பொழிவைத் திணிப்பதும் இதற்கு ஈடாகாது.

எனவே, கதையொன்றை வகுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசிரியரும் மாணவரும் ஒரு வினாவை எழுப்புதல் நலம். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் இக்கதை மதுரையிலும் அப்படியே நிகழுமா? நிகழுமெனின், அக்கதை இந்நாட்டில் அச்சேறியிருக்கலாம், இந்நாட்டில் பிறந்ததன்று.