குதிரையை விடுங்கள், ஜாக்கியைப் பாருங்கள்

சேத்தியாத்தோப்புப் பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் குதிரைதான். பந்தயக் குதிரையெல்லாம் கிண்டி, மும்பை சமாச்சாரம். கிண்டி ரேஸ் கோர்ஸுக்கும் 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்துவிட்டது. ஆக, நமக்கு வாய்த்தது கைபேசித் திரை. பழைய பந்தயப் பதிவுகளில் ஜாக்கி பெஸி ஷ்ராஃபைத் தேடிப் பாருங்கள். 2004-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,751 வெற்றிகள். அவற்றில் 8 இந்தியன் டெர்பி பந்தயத்தில். எண்ணிக்கை மலைக்க வைக்கும், ரசிக்க வைக்காது. ரசனைக்கு நம் கண் குதிரையின் காலிலிருந்து அதன் மேல் இருப்பவரின் முதுகுக்கும் கைக்கும் நகர வேண்டும்.

“ஓடுவது குதிரை, ஜாக்கி சும்மா உட்கார்ந்திருக்கிறார்” என்பார்கள். முதலில், அவர் உட்காருவதே இல்லை. அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, முழங்காலை மடக்கி, சேணத்தில் படாமல் குனிந்து நிற்கிறார். 1900-ஐ ஒட்டி இந்த முறை பரவியபோது பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்தது. காரணத்தை லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார்கள். குதிரை சுமப்பது ஜாக்கியின் எடையைத்தான். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவர் உடம்பைத் தூக்கிப் போட்டு இழுத்துச் செல்லும் வேலை அதற்கு இல்லை. அந்தக் குலுக்கலை அவருடைய கால்களே வாங்கிக்கொள்கின்றன. திரையில் பாருங்கள்: குதிரையின் முதுகு அலை அலையாக எழுந்து விழும், தொப்பி மட்டும் ஒரே மட்டத்தில் போகும்.

அடுத்தது கை. இந்தியன் டெர்பி 2,400 மீட்டர். எந்தக் குதிரையும் அவ்வளவு தூரமும் முழு வேகத்தில் ஓடாது. எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பதில்தான் வித்தை. கடைசித் திருப்பத்தில் மற்றவர்கள் கையை வீசி விரட்டும்போது ஒருவர் கடிவாளத்தை அசைக்காமல் வந்தால், அவரிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று பொருள். சாட்டை வீச்சில் மயங்காதீர்கள்.

நல்ல ஜாக்கிக்கு நல்ல குதிரை கிடைக்கிறது, அதனால் ஜெயிக்கிறார் என்ற வாதம் பாதி உண்மை. ஆனால் ஹேண்டிகேப் பந்தயங்களில் தேர்ந்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிக் களத்தைச் சமப்படுத்துகிறார்கள். ஜாக்கியை எடைபோட டெர்பியை விட இதுவே நல்ல இடம். அரைத் தலை வித்தியாசத்தில் தோற்ற ஓட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள்; சுமாரான குதிரையை அதுவரை கொண்டுவந்தவர் சில சமயம் ஜெயித்தவரை விடக் கெட்டிக்காரர்.

சூதாட்டத்தை ரசிப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கவே சட்டம் போட்டது. 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டு என்றது. அதற்காக நான் பணம் கட்டச் சொல்லவில்லை. பணம் கட்டியவர் கண் தன் குதிரையின் எண்ணை விட்டு நகராது. ஒரே பந்தயத்தை இரண்டு முறை போட்டுப் பாருங்கள்; இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு தொப்பியின் நிறத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடருங்கள்.