உரோமர் மொசைக்குத் தளங்களும் ஊறுசெய்யா ஆய்வும்

சிசிலித் தீவின் நடுவே, பியாற்சா ஆர்மெரீனா என்னும் ஊருக்கு அணித்தாக, கி. பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமர் மாளிகையொன்றின் எச்சம் உண்டு. சிறு வண்ணக் கற்களைப் பதித்து ஆக்கிய மொசைக்குச் சித்திரங்கள் அதன் தளமெங்கும் ஏறத்தாழ 3,500 சதுர மீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கின்றன. 1997 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. காண்பார் சித்திரத்தை வியப்பர். சித்திரத்தின் கீழுள்ளதை எண்ணுவார் சிலரே.

விற்றுருவியசு தம் கட்டடக்கலை நூலின் ஏழாம் பாகத்தில் தளமிடும் முறையை விரித்துரைத்துள்ளார். கைநிறையுங் கற்கள் அடியில். அதன்மேல் சல்லியுஞ் சுண்ணாம்பும் கலந்து இடித்த படை. அதன்மேல் மூன்று பங்கு ஓட்டுத்தூளும் ஒரு பங்கு சுண்ணாம்புமான சாந்து. இப்படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்தால் இடையே வெற்றிடம் உண்டாகும். ஈரம் ஏறும், உப்புப் பளிங்காகி விரியும், ஈற்றில் மேற்கற்கள் உதிரும். உதிரும்வரை கண்ணுக்கு யாதுந் தெரியாது.

அகழ்ந்து பார்த்தால் அழியும். ஆதலால் விரலால் மெல்லத் தட்டி ஒலியறிவதே பண்டு தொட்ட வழி. சந்தையிற் குடம் வாங்குவார் அனைவரும் இக்கலையை அறிவர். எனினும் கேட்ட ஒலியை ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிய படம், தட்டுபவர் மாறின் தானும் மாறும். இக்குறையை நீக்கவே கருவிகள் வந்தன.

அவற்றுள் அகச்சிவப்பு வெப்பப்படம் தளத்தைத் தீண்டாதது. வெற்றிடத்துக் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாமையால், அதன் மேலுள்ள கற்கள் வெயிலில் விரைந்து சூடேறி, மாலையில் விரைந்து ஆறும். அவ்வேறுபாடு படத்திற் புலனாம். கொள்கை நன்று. ஆயின் கருங்கல் வெண்கல்லினும் மிகுதியாக வெப்பத்தை ஏற்கும். ஈரமான இடம் ஆவியாதலாற் குளிரும். எனவே புலியின் கரிய வரியை நோயென்றும், நோயுற்ற ஈரவிடத்தை நலமென்றும் கொள்ள இடமுண்டு. ஒருவேளையில் எடுத்த ஒற்றைப் படத்தைக்கொண்டு தீர்ப்புக் கூறும் அறிக்கைகளை யாம் ஐயத்தோடு நோக்குவது இதனாலேயே. சூடேறும் போதும் ஆறும் போதும் தொடர்ந்தெடுத்த படங்களை, சித்திரத்தின் நிறப்படத்தோடு ஒப்பிடாவிடில் அவை வெறும் வண்ணக்கோலமே.

நிலத்தை ஊடுருவும் இறேடார் ஆழமாகக் காணும். அதிர்வெண் உயர்ந்தால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஆதலால் எதனைத் தேடுகிறோம் என்பதை முன்னரே துணிதல் வேண்டும். உப்பு நீர் ஊறிய மண் அதன் அலைகளை விழுங்கிவிடும். இதனினும் பெரியதோர் இடர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக் கடல் நாடுகள் பலவற்றில் மொசைக்குகளைப் பெயர்த்து, இரும்புக் கம்பியிட்ட கொங்கிறீற்றுப் பலகைகளிற் பதித்தனர். அக்கம்பி துருவேறி விரிந்து தளத்தைப் பிளக்கின்றது. காப்பதற்கென்று செய்ததே கேடாயிற்று. அக்கம்பியே இறேடார் அலையை வலிதாகத் திருப்பி, தன் கீழுள்ளதை மறைக்கவுஞ் செய்கின்றது. கம்பி எங்குள்ளது எனக் கருவி செவ்வனே காட்டும். அதன் கீழ் யாது நிகழ்கின்றது என்பதைச் சொல்லத் தடுமாறும்.

நிற்க. ‘ஊறுசெய்யா’ என்னும் அடைமொழியும் ஆராயத்தக்கது. இறேடார்ப் பெட்டியைத் தளத்தின்மேல் இழுத்துச் செல்வதே பெரும்பான்மை வழக்கு. கற்கள் தளர்ந்த இடத்தில் அவ்விழுப்பே ஊறாகலாம். அங்கு மெல்லிய விரிப்பேனும் இடுதல் வேண்டும். அல்லது அவ்விடத்தை வெப்பப்படத்துக்கும் காதுக்கும் விட்டுவிடுதல் தக்கது.

இவ்வாய்வுகளின் முடிவைக்கொண்டே சுண்ணச்சாந்தை ஊசிவழியே வெற்றிடத்தினுட் செலுத்துகின்றனர். படம் பிழையாயின் சாந்து வேண்டாவிடத்துச் செல்லும். சென்றதை மீட்டல் இயலாது. ஆகவே வெப்பப்படமும் இறேடாரும் தட்டொலியும் மூன்றும் ஒருங்கே சுட்டிய இடத்தில் முதலிற் கைவைத்து, ஒன்று மட்டும் சுட்டிய இடத்தை அடுத்த பருவத்தில் மீண்டும் அளக்கும் முறையையே யாம் ஏற்கின்றோம். காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும் என்பர். ஆகட்டும், பதினாறு நூற்றாண்டு கிடந்த தளம் இன்னும் ஒரு மாரியைப் பொறுக்கும்.