வழக்குக் கட்டில் கணக்கு நோட்டு

2009இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு வழக்கு. மணமுறிவுக்குப் பின் பத்து வயது மகளுக்குத் தாய் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். தந்தையோ பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றார். சிறுமி வகுப்புக்கேற்ற தரத்திலோ அதற்கு மேலோ இருக்கிறாள் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பள்ளியில் சேர்க்கச் சொன்னது: பலவித கருத்துகளோடு பழக வேண்டும் என்பது அதன் வாதம். 2011 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. படிப்பில் மகள் தேறினாள், வழக்கில் தாய் தோற்றார்.

அங்கே ஆண்டுக்கொரு மதிப்பீடு என்ற ஏற்பாடாவது இருந்தது. நம்மூரில் அதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்விக்குப் பதிவேடும் இல்லை, பார்வையிட அதிகாரியும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே கூரைக்குள் இருக்கும்வரை இது பெரிதாக உறுத்துவதில்லை. பிரிந்த மறுநாள், பிள்ளைக்கு வகுத்தல் தெரியுமா என்பது வக்கீல் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது.

வழக்கமாக நீட்டப்படும் முதல் சான்று, வீட்டில் சேர்த்துவைத்த நோட்டுகளும் படங்களும். இதன் பலம் சாதாரணமானதல்ல. ஜூனில் தடுமாறிய பிள்ளை ஜனவரியில் எப்படி எழுதுகிறது என்பதை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆனால் தொகுத்தவர் வழக்கின் ஒரு தரப்பு. எதைக் கோப்பில் வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பவரும் அவரே. எதிர்த்தரப்போ விடுபட்ட பக்கத்தைத் தேடுகிறது. நடுவில் பிள்ளையின் பிழைகள் இருவருக்குமே ஆயுதம்.

சரி, தேர்வு எழுதட்டுமே என்பார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது நிரம்ப வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு. ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு என்ற அதன் தாராளம் பெரியது. வீடு மாறி, ஊர் மாறி அலைந்த பிள்ளைக்கு ஓராண்டு வீணானாலும் கதவு மூடாது. ஒன்பது வயதுப் பிள்ளையின் வழக்குக்கு இந்த இரண்டுமே உதவாது. சான்றிதழ் இல்லாமலே உயர்ந்தவர் இருக்கிறாரே என்று மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷியைக் காட்டுவதுண்டு. பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாத அவரைச் சென்னைக் கணிதவியல் கழகம் முதுநிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். ஆனால் கணினி ஒலிம்பியாட்டில் மூன்று பதக்கம் வாங்கிய அவரை எடுத்துக்காட்டாக்கி எல்லா வீடுகளையும் அளப்பது நியாயமில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டைச் சுற்றி, ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் விழும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் கைகொடுக்கலாம் என்கிறது. பள்ளியே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? தறிக்கு நூல் தார் சுற்றும் சிறுவன் எண்ணப் பழகுகிறானா, கூலி மிச்சப்படுத்துகிறானா? இரண்டும் ஒரே மதியத்தில் நடக்கலாம். பிரிந்துபோன ஆள் செய்த வேலை யார் தலையிலாவது விழுந்தாக வேண்டிய வீட்டில், தறி தரும் அறிவைப் பாராட்டும் மதிப்பீட்டாளர் நேரக் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும்.

உருப்படியான முன்மாதிரி பிரதம் அமைப்பின் அசர் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2005 முதல் வீட்டுக்கே வந்து, பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். கழித்தலும் வகுத்தலும் கேட்கிறார்கள். பள்ளியில் பெயர் இருக்கிறதா என்பது தடையில்லை. ஆனால் அந்தக் கதை இரண்டாம் வகுப்புத் தரம்தான். வளர்ந்த பிள்ளைக்குப் போதாது. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை: இரு தரப்பையும் சாராத ஓர் ஆசிரியர், சில மாத இடைவெளியில், இரண்டு மூன்று முறை பார்ப்பது. ஒரே முறை பார்த்தால் அது சண்டை உச்சத்தில் இருந்த மாதத்தைத்தான் அளக்கும். பிரிவுக்கு முந்தைய நோட்டுகள் ஒப்பிட உதவும். இங்கேதான் பெற்றோர் சேர்த்துவைத்த கோப்பு உண்மையில் பயன்படுகிறது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) 12ஆம் பிரிவில் வல்லுநர் உதவியைப் பெற வழி விட்டிருக்கிறது. பிள்ளை பின்தங்கியிருந்தால்கூட, கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. ஆகவே பின்தங்கல் தெரிந்தவுடன் பேச வேண்டியது அந்தப் பயிற்சியைப் பற்றி. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு அந்த மதிப்பீடு மட்டும் விடை ஆகாது.