தகப்பன் பெயரும் கரையின் பெயரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு எழுதிப்போடும் நம் பிள்ளைகள், விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் தயங்குவார்கள். நமக்கு இருப்பது இனிஷியல்தான். விரித்தால் தகப்பன் பெயர். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டுக் கல்லறையில் உறங்கும் டச்சுக்காரர்களின் நாட்டிலும் ஒருகாலத்தில் பரவலாக இருந்த வழக்கம் இதுவே.

1604-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த காரல் ரெய்னியர்ஸ், 1630களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரை ஆளுநர். 1650-இல் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தலைமை ஆளுநர். அவர் பெயரின் ஈற்றில் நிற்பது ‘மகன்’ என்ற டச்சுச் சொல்லின் குறுக்கம். நம் வழக்கில் எழுதினால் ரெ. காரல். 1811-இல் நெப்போலியன் ஆணை நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியபோது, இத்தகைய தகப்பன் பெயர்கள் பல அப்படியே பரம்பரைப் பெயர்களாக உறைந்தன.

ரெய்னியர் என்ற பெயரோ இன்னும் பழையது. ஆலோசனை, படை என்று பொருள்படும் இரண்டு ஜெர்மானியச் சொற்களின் கூட்டு அது. ஹென்ட்ரிக், வில்லெம், கெரிட் ஆகியவையும் இப்படிப் பிறந்தவையே. இந்த அடுக்கின் மேல் படிந்தது கிறித்தவம். 1663 முதல் 1665 வரை இங்கே ஆளுநராக இருந்த கொர்னேலிஸ் ஸ்பீல்மானின் பெயர், பழைய ரோமானியக் குலப்பெயர். 3-ஆம் நூற்றாண்டில் அதைத் தாங்கிய பாப்பரசர் ஒருவர் புனிதரானதால் ரைன் நதிப் பக்கமெல்லாம் பரவியது. டச்சுக்காரர்களில் பெரும்பகுதியினர் சீர்திருத்தச் சபைக்கு மாறிப் புனிதர் வணக்கத்தைக் கைவிட்ட பிறகும் பெயர் போகவில்லை. தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவர்கள் மரபு. ‘பெயரன்’ என்பதிலிருந்தே ‘பேரன்’ வந்தது என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயர்களை ஆராய வழிகள் மூன்று. பழவேற்காட்டுக் கல்லறைகளை 1897-இல் அலெக்சாண்டர் ரே நூலாகப் பதிவுசெய்தார். கரையின் டச்சு வணிகத்தை 1962-இல் தபன் ராய்சௌதுரி ஆராய்ந்தார். ஜெர்மானியப் பெயர்களின் வேர்களை 1856-இலேயே எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான் தொகுக்கத் தொடங்கிவிட்டார். இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கல்லில் இருக்கும் பெயர் பேசும்.

கல்லில் இல்லாத பெயர்களும் பேச வேண்டும். பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையின் வணிகம் துணியோடு நிற்கவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கியவர்கள் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இக்கரையிலிருந்து நன்னம்பிக்கை முனைவரை கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அங்கே அடிமைகளுக்கு ‘செப்டம்பர்’, ‘குபிடோ’ என்றெல்லாம் எசமானர்கள் பெயரிட்டார்கள். தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ‘சோழமண்டலத்திலிருந்து வந்தவர்’ என்று பதிவேடுகளில் எழுதினார்கள்.

ரெய்னியரின் மகனுக்குத் தகப்பன் பெயர் நிலைத்தது. நம்மவருக்கு மிஞ்சியது பிறந்த கரையின் பெயர் மட்டும். பழவேற்காட்டில் டச்சுப் பெயர்களைப் படிக்கும்போது, அந்தப் பதிவேடுகளையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.